ருக்ஸானாவின் தேக்சா

போன மாதம் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் வழக்கறிஞர்களுக்கான கலந்துரையாடல் நடந்தது. பொருள், போட்டிச் சட்டத்தில் தனியார் வழக்குகள். நாலு கம்பெனி கூடிப் பேசி விலையை ஏற்றினால் அரசாங்கம் பிடித்து அபராதம் போடும். அது ஒரு பக்கம். அந்த விலையைக் கொடுத்து ஏமாந்தவர்களும் தாங்களாகவே வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது பக்கம் ஏன் ஈ ஓட்டுகிறது என்று எங்களை மேடையில் உட்கார வைத்துக் கேட்டார்கள்.

நான் "செலவு, காலம், ஆதாரம்" என்றேன். பக்கத்தில் இருந்த சுரேந்தர் அதையே "ஆதாரம், காலம், செலவு" என்று சொன்னான். அதைக் குறித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். கைதட்டினார்கள். எனக்கும் அவனுக்கும் வேறொரு பதில் தெரியும். அதை மேடையில் சொன்னால் கட்சிக்காரரின் ரகசியத்தை உடைத்ததாகும் என்பதால் இரண்டு பேரும் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கினோம்.

அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற சின்னத் தெரு, மதியத்தில் மல்லித்தழையும் டீசலும் சேர்ந்து மணக்கும், அது போதும்.

அந்தத் தெருவில் பஞ்சவர்ணம் அக்கா சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். வீடு பிடோக்கில். நான் வாரத்தில் ஒரு நாளாவது அவர் கடையில் சாப்பிடுகிறவள். என் முழுப் பெயர் சிவகாமசுந்தரி என்பதும், நான் போட்டிச் சட்டம் பார்க்கிற வக்கீல் என்பதும் அவருக்குப் பல காலமாகத் தெரியும். ஆனால் அப்படி ஒரு சட்டம் எதற்கு என்பது தெரியாது. மட்டன் விவகாரம் பேப்பரில் வந்த பிறகுதான் தெரிந்தது.

விவகாரம் இதுதான். ஜூரோங்கில் குளிர்க்கிடங்கு வைத்து ஆட்டிறைச்சி இறக்குமதி செய்கிற நாலு கம்பெனிகள், மூன்று வருஷம் மாதாமாதம் ஒரு ஹோட்டலில் காப்பி குடிக்கக் கூடி, விலையைப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். போட்டிச் சட்டத்தைக் கவனிக்கிற அரசு ஆணையம் பிடித்தது. அபராதம் போட்டது. மேல்முறையீடும் தோற்றது. அதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போடலாம். அந்த நாலு கம்பெனியில் பெரியதிடம்தான் அக்கா மட்டன் வாங்கினார்.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் இல்லாத நேரம் பார்த்து என்னை உட்கார வைத்துப் பேசினார். சூடாகிவிட்டால் அவர் பேச்சின் கடைசியில் இந்த ஊர் ‘லா’ ஒட்டிக்கொள்ளும்.

"சேல்ஸ்மேன் வந்து ஆஸ்திரேலியாவுல மழை இல்ல, ஆடே இல்லன்னு சொன்னான். நான் நம்பினேன். மட்டன் ஏன்க்கா இவ்ளோ விலைன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் அதையே சொன்னேன். மூணு வருஷம் சொன்னேன் லா. ஷிப்யார்டு பையங்க ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் வாய்க்கு ருசியா சாப்பிட வர்றாங்க. அவங்ககிட்டயும் சொன்னேன். ஒரு பையன், புதுக்கோட்டைப் பக்கம், அவன் ஊர்லயும் மழை இல்ல போல, பாவம் அந்த ஆடுங்கன்னான். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாங்க, சுந்தரி."

"அதுக்குத்தான் அபராதம் போட்டாச்சேக்கா."

"அது கவர்மெண்டுக்குப் போச்சு. என்கிட்ட யார் வந்து சொன்னா? கோர்ட்ல நின்னு, இந்த அம்மாகிட்ட பொய் சொன்னோம்னு அவங்க வாயால சொல்லணும். அதை ஃப்ரேம் போட்டு கல்லாவுக்கு மேல மாட்டுவேன். அந்தப் பையங்க பாக்கணும்."

இப்படிப்பட்ட வழக்கை இங்கே யாரும் கடைசிவரை கொண்டுபோய் நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். வருஷக்கணக்கில் இழுக்கும் என்றேன். எதிர்ப்பக்கம் பெரிய வக்கீல்களை வைப்பார்கள் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போடலாமா, முடியாதா, அதைச் சொல்லு" என்றார்.

"போடலாம்."

"அப்ப போடு லா."

அந்த நேரத்தில் எதிர்க்கடை ருக்ஸானா உள்ளே வந்தார். பிரியாணிக்கடைக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அக்காவிடம் இருக்கிற பாத்திரம் போதாது. சனிக்கிழமை சாயங்காலம் ருக்ஸானாவின் இரண்டாவது தேக்சா தெருவைக் கடந்து இங்கே வரும், திங்கட்கிழமை திரும்பிப் போகும். அகலமான அலுமினியப் பாத்திரம், இரண்டு கைகளாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். பஞ்சவர்ணம் அக்கா அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால் அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட் சர்க்கரையை எடுத்து உள்ளே போட்டு மூடினார்.

"வாராவாரம் எதுக்கு இது" என்றார் ருக்ஸானா.

"வெறும் பாத்திரமா அனுப்ப எனக்குக் கை வராது. எடுத்துட்டுப் போ."

அவர் கொண்டுபோனார். எனக்கு அது அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

வழக்குப் போடுவதற்கு முன்னால் எதிர்ப்பக்கத்தோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்தப் பெரிய கம்பெனியின் வக்கீல் சுரேந்தர். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்தக் காலத்தில் உலகத்தைத் திருத்தப் போகிறவன் மாதிரிப் பேசுவான், இப்போது முதுகுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கூட்டங்களுக்கு வருகிறான். என்னையும் அவன் அப்படித்தான் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பான். காலக்கெடு முடிய நாலு மாதம் இருக்கும்போது, ராஃபிள்ஸ் பிளேஸில் அவன் அலுவலகத்தில் சந்திப்பதாக ஏற்பாடு.

போகிற வழியில் அக்காவிடம் தெளிவாகச் சொன்னேன். "நீங்க பேசவே வேணாம். நான் பேசிக்கறேன். அவங்க என்ன சொன்னாலும் கோவப்படாதீங்க." நல்ல பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். தலையை ஆட்டினார்.

அறையில் எதிர்ப்பக்கம் மூன்று பேர். சுரேந்தர். கம்பெனியின் சொந்தச் சட்ட அதிகாரி யும்னா, மலாய்க்காரப் பெண், அதிகம் பேசாதவர். மூன்றாவது, கணக்குப் போடுவதற்காக அவர்கள் அமர்த்தியிருந்த பொருளாதார நிபுணர் ரித்திக். முப்பது வயது இருக்கலாம். சமரசப் பேச்சில் சொல்வது எதையும் பின்னால் வழக்கில் ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது விதி. அதை முதலில் சொல்லிவிட்டு ஆரம்பித்தோம். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

நான் என் பக்கத்தைச் சொன்னேன். மன்னிப்பு வாசகம் ஒன்று வேண்டும் என்றேன். யும்னா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. பிறகு ரித்திக் சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். மட்டன் விலை ஏறிய அதே பருவத்தில் அக்காவின் கடையில் பிரியாணி விலையும் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், ஏறியிருக்கிறது. ஆகவே கூடுதல் விலையைச் சுமந்தது கடை இல்லை, சாப்பிட வந்தவர்கள். கடைக்கு நஷ்டம் இல்லை. கணக்குப் பார்த்தால் சில மாதங்களில் லாபம்கூட இருந்திருக்கலாம்.

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். பதிலும் வைத்திருந்தேன். ஆனால் லாபம் என்ற சொல் அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். என் கையை மெதுவாக எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க தமிழ்ப் புள்ளதானே?"

"யெஸ், ஆன்ட்டி" என்றான். அந்த அறையில் ஆன்ட்டி என்று சொல்லக் கூடாது என்பது அவனுக்கு அப்புறம்தான் உறைத்திருக்கும்.

"அப்ப தமிழ்லயே கேளுங்க. நான் பேராசைப்பட்டு ஏத்தல. நான் மட்டும் தனியா ஏத்தினேன்னு நெனச்சீங்களா? எங்க தெருவுல அந்தப் பழக்கமே கிடையாது. தீபாவளிக்கு முன்னாடி மாசிலாமணி அண்ணன் கடையில எல்லாக் கடைக்காரங்களும் உக்காருவோம். சீரியல் லைட்டு யார் போடறது, குப்பை யார் பாக்கறது, எல்லாம் பேசுவோம். அதோட விலையும் பேசுவோம். அந்த வருஷம் பிரியாணிக்கு ஒரு வெள்ளின்னு முடிவு பண்ணி, அத்தனை கடையிலயும் ஒரே நாள்ல ஏத்தினோம். ஒருத்தர் வயித்துல இன்னொருத்தர் அடிக்கக் கூடாதுன்னுதான். எத்தனையோ வருஷமா அப்படித்தான் இருக்கோம். உங்க கம்பெனிக்காரங்க மாதிரி திருட்டுத்தனம் எங்ககிட்ட இல்ல. வேணும்னா வந்து யாரை வேணாலும் கேளுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். ரித்திக் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் படித்த பாடத்தில் முதல் அத்தியாயமே இதுதான். கூடிப் பேசி விலை வைப்பது. சின்னக் கடை என்று தப்பிக்க முடியாது, விலை விஷயத்தில் சட்டம் சின்னது பெரியது பார்ப்பதில்லை.

யும்னாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் சுரேந்தரைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சுரேந்தர் என்னைப் பார்த்தான். நான் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு அக்கா சொன்ன அத்தனையையும் ஒன்றும் விடாமல், ஒன்றும் கூட்டாமல் ஆங்கிலத்தில் சொன்னான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கட்சிக்காரரிடம் மறைத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு பில் அனுப்புவது?

யும்னா தாளில் ஒரே ஒரு வரி எழுதிப் பேனாவை மூடினார். மன்னிப்பு வாசகம் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பஞ்சவர்ணம் அக்கா ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக ஒடித்துச் சாப்பிட்டார். நியாயத்தைப் புரிய வைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இடைவேளை கேட்டேன். காப்பி இயந்திரம் இருந்த மூலைக்குச் சுரேந்தரும் வந்தான்.

"ரூம்ல சொன்னதை நான் யூஸ் பண்ண முடியாது. நீ பயப்படாதே" என்றான்.

"ஆனா நான் ஃபைல் பண்ணினா, விலை எப்படி முடிவாச்சுன்னு நீ கேப்பே."

"கேக்காம இருக்க முடியுமா? லாபமா நஷ்டமான்னு பாக்கறதுக்கு அது வேணும். கேட்டா அவங்க சத்தியம் பண்ணிச் சொல்லணும். சொன்னா அது பப்ளிக். அப்புறம் ஆணையம் பேப்பர் படிக்கும்."

"நாலு பெரிய கம்பெனியைப் புடிக்க வந்த கேஸ்ல, சாப்பாட்டுக்கடைக்காரங்க மாட்டுவாங்க."

"அப்படித்தான் ஆகும்." காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இந்தச் சட்டத்தை எழுதினவங்க ஒரு ஆளை மனசுல வெச்சு எழுதியிருக்காங்க, சுந்தரி. கை சுத்தமா இருக்கணும், காசும் இருக்கணும், பொறுமையும் இருக்கணும். இவ்வளவு வருஷத்துல அப்படி ஒரு ஆள் உன்கிட்ட வந்திருக்காங்களா?"

"உன்கிட்ட?"

"என்கிட்ட எதிர்ப்பக்கம்தான் வருவாங்க. அவங்க எல்லாருக்கும் காசும் பொறுமையும் உண்டு."

எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். அசதிதான் வந்தது, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடத் தோன்றுமே, அந்த மாதிரி.

அக்காவை வெளியே கூட்டிக்கொண்டு வந்து ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அவங்க ஹோட்டல்ல உக்காந்து பேசினாங்க. திருட்டுத்தனமா. நாங்க கடைக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு பேசினோம். ரெண்டும் ஒண்ணா?"

"சட்டத்துக்கு ஒண்ணுதான்க்கா."

"அவங்க ஏத்தினதாலதான் நாங்க ஏத்தினோம்."

"ஏத்தினது தப்பில்ல. தனித்தனியா ஏத்தியிருந்தா யாரும் கேக்க முடியாது. சேர்ந்து பேசினதுதான் தப்பு."

"சேர்ந்து பேசலைன்னா ஒருத்தர் ஏத்துவாங்க, ஒருத்தர் ஏத்த மாட்டாங்க. ஏத்தின கடை படுத்துரும்."

"அதுதான்க்கா போட்டி."

ஆற்றில் சுற்றுலாப் படகு ஒன்று போனது. அதில் இருந்தவர்கள் எங்களைப் படம் பிடித்தார்கள். பட்டுச்சேலை நன்றாக விழுந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வது என் தொழில் கடமை, சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை. "அக்கா, ஒரு வழி இருக்கு. கூட்டுச் சேர்ந்தவங்கள்ல யார் முதல்ல ஆணையத்துக்கிட்ட போய்ச் சொல்றாங்களோ, அவங்களுக்கு அபராதம் இல்லாம விடறதுக்கு ஏற்பாடு இருக்கு. நீங்க முதல்ல போனா, உங்களை விட்டுருவாங்க. கேஸையும் நடத்திப் பாக்கலாம்."

"மத்தவங்க?"

"அவங்களை விசாரிப்பாங்க."

"ருக்ஸானாவையுமா?"

"ருக்ஸானா, மாசிலாமணி அண்ணன், எல்லாரையும்."

அவர் என்னை அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. தட்டில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி பார்த்தார். "காட்டிக் குடுத்தா எனக்கு மட்டும் மன்னிப்பு. இது யார் யோசிச்ச சட்டம், சுந்தரி?"

"நிறைய நாட்டுல இருக்குக்கா. நல்லா வேலை செய்யுது."

"வேலை செய்யும் லா" என்றார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "விட்டுரு. கேஸ் வேணாம். ஃப்ரேமும் வேணாம்."

எழுந்தபோது ஒன்று சொன்னேன். அதுவும் கடமைதான். இனிமேல் விலையைப் பற்றி யாரோடும் பேசாதீர்கள், தெருவில் எல்லாரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், அவரவர் விலையை அவரவர் முடிவு செய்யட்டும். சரி என்றார். மறுநாளே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

அங்கேதான் எல்லாம் குளறுபடி ஆனது. விலையைப் பற்றிப் பேசாதீர்கள் என்று நான் சொன்னேன். அது தெருவுக்குள் போய் மூன்றாவது கடையை அடைவதற்குள், பேசினாலே குற்றம் என்று ஆகிவிட்டது. நாலு பேர் சேர்ந்து டீ குடித்தால் கேமராவில் பதிவாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாசிலாமணி எனக்குப் போன் போட்டார். அந்தத் தெருக் கூட்டங்களை நடத்துகிறவர், பெரிய மனுஷர்.

"லாயர்ம்மா, தீபாவளி லைட்டுக்கு எல்லாரும் பங்கு போடலாமா, கூடாதா?"

"தாராளமாப் போடலாம் சார். விலை மட்டும்தான் பேசக் கூடாது."

"அதை எழுத்துல குடுப்பீங்களா?"

கொடுத்தேன். அப்படியும் அவர் கூட்டம் போடவில்லை. அதோடு இன்னொரு கேள்வியும் தெருவில் சுற்றியது. வக்கீலிடம் போனது யார்? இத்தனை வருஷம் இல்லாத சட்டம் இப்போது எங்கிருந்து வந்தது? பஞ்சவர்ணம் முதலில் போய்ச் சொல்லித் தப்பித்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு. அவர் அவர்களுக்காகத்தான் வழக்கை விட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லும் சுபாவம் அவருக்கு இல்லை. நான் சொல்ல முடியாது, என் வாயைத் தொழில் கட்டியிருக்கிறது. அந்த வருஷம் சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு எரிந்தது. அந்தத் தெருவில் மட்டும் ஒவ்வொரு கடையும் தனித்தனியாக, வேறு வேறு நிறத்தில், அவரவர் வாங்கி மாட்டியது எரிந்தது.

காலக்கெடு முடிந்த நாள் எனக்கு வேறொரு வழக்கு இருந்தது. சாயங்காலம் நாட்காட்டி ஞாபகப்படுத்தியது. அழித்தேன். அவ்வளவுதான்.

கலந்துரையாடல் முடிந்த அன்று நான் ஹோட்டல் பஃபேயைத் தொடாமல் எம்ஆர்டி ரயில் ஏறி, அக்காவின் தெரு இருக்கிற தேக்காவுக்கு வந்தேன். திங்கட்கிழமை. தெருவுக்குள் திரும்பியதும் முதலில் பார்த்தது ருக்ஸானாவின் கடைவாசலில் புதிதாக நின்ற பலகையைத்தான். மட்டன் பிரியாணி, ஒரு வெள்ளி குறைவு. நான்கு தொழிலாளிப் பையன்கள் இந்தப் பக்கம் அக்காவின் பலகையைப் படித்துவிட்டு, அந்தப் பக்கம் அதையும் படித்துவிட்டு, தெருவைக் கடந்து போனார்கள். பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே நடந்தது. சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் ஒரு வெள்ளி மிச்சம் பிடித்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

அக்காவின் கடையில் நான் ஒருத்திதான். அவரே பரிமாறினார்.

"பாத்தியா பலகையை?"

"பாத்தேன்க்கா."

"அந்தப் பையங்களுக்கு நல்லதுதான். நான் ஒண்ணும் சொல்லல. என்னால குறைக்க முடியாது, வாடகை அப்படி." குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "அந்த நாலு கம்பெனியும் இப்ப என்ன விலைக்குக் குடுக்கறாங்க தெரியுமா? நாலு பேரும் ஒரே விலை. கேட்டா, நாங்க கூடிப் பேசறதே இல்ல, ஒருத்தர் வெப்சைட்டை ஒருத்தர் பாத்து வெச்சுக்கறோம்னு சேல்ஸ்மேன் சொல்றான். அது தப்பா?"

"தப்புன்னு காட்டறது கஷ்டம்க்கா."

"அவங்களும் பேசிக்கறதில்ல. நாங்களும் பேசிக்கறதில்ல" என்றார். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகல."

பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்தேன். இத்தனை வருஷம் நான் இந்தச் சட்டத்தை நம்பித்தான் வேலை பார்த்தேன். இன்னமும் நம்புகிறேன், அதுதான் கஷ்டம். கை கழுவிவிட்டு வந்தபோது அக்கா பின்கட்டிலிருந்து தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். ருக்ஸானாவுடையது. எல்லாம் நின்றுபோன அந்த வாரத்திலிருந்து இங்கேயே கிடந்திருக்கிறது. வாராவாரம் துலக்கியிருப்பார் போல, அடியில் முகம் தெரிந்தது.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்துரு. நான் போனா எல்லாரும் பாப்பாங்க. நீ லாயர், நீ போனா சட்டப்படி இருக்கும்."

"அக்கா, பாத்திரம் குடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல."

"நீ சொல்றே. அவ என்னைப் பாத்து என்ன நெனைப்பான்னு சட்டத்துல இருக்கா?"

அலமாரியைத் திறந்தார். சர்க்கரைப் பாக்கெட்டைக் கையில் எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்து அலமாரியை மூடிவிட்டார்.

கோட்டுப் போட்டுக்கொண்டு தேக்சாவை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். மாசிலாமணி தன் கடைவாசலில் நின்று பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

ருக்ஸானா கல்லாவில் இருந்தார். நான் யார் என்பது அவருக்குத் தெரியும். பாத்திரத்தைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் கையை நீட்டவில்லை.

"இதை நான் வாங்கலாமா, லாயர்ம்மா? ஒண்ணும் ஆகாதே?"

"உங்க பாத்திரம்தான். வாங்கிக்கங்க."

"அவ வரலையா?"

"கடையைப் பாத்துக்க ஆள் இல்ல" என்றேன்.

அவர் எதிர்க்கடையைப் பார்த்தார். அங்கே ஆள் இல்லாதது அவருக்கு நன்றாகத் தெரியும், சாப்பிட வருகிறவர்களும் இல்லை என்பதும் தெரியும். பலகையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். விலை விஷயம், பேசக் கூடாது. பிறகு தேக்சாவை வாங்கி மேஜைமேல் வைத்து, பழக்கத்தில் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

கை அடிவரை போய்த் திரும்பியது. மூடியைப் பிடித்தபடியே அவர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறுமனே அனுப்பச் சொல்லி நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினார்.